குடிக்கும் முன்பே ஏறும் போதை

'போதை' என்னும் ஒரே சொல்லுக்குள் தமிழ் வழக்கு இரு வேறு நிகழ்வுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. குடித்தவரின் நடை தள்ளாடுவதும், நாக்குக் குழறுவதும், குறுக்கே வந்த வண்டியைக் கண்ட பிறகு பிரேக்கை மிதிக்கக் காலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிப்பதும் ஒரு வகை. அதே மனிதர் குரலை உயர்த்துவதும், பகலில் சொல்லத் துணியாததை இரவில் சொல்லிவிடுவதும், நண்பரின் தோளில் சாய்ந்து அழுவதும், வீட்டுக்கு வந்து மனைவியை அடிப்பதும் இன்னொரு வகை. இரண்டையும் மதுவே செய்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. முதல் வகைக்கு அந்த நம்பிக்கை முழுவதும் பொருந்தும். இரண்டாம் வகைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளாக மானிடவியலாளர்களையும் உளவியலாளர்களையும் விடாமல் துரத்தி வந்திருக்கிறது.

மதுவில் போதை தரும் பொருள் எத்தனால் என்னும் மதுச்சாரம். அது மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் வயிற்றிலும் சிறுகுடலிலும் எளிதாக உறிஞ்சப்பட்டு, இரத்தத்தோடு சில நிமிடங்களில் மூளையை அடைந்துவிடுகிறது. அங்கே நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் 'காபா' என்னும் வேதித்தூதுவின் வேலையை அது வலுப்படுத்துகிறது. கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டின் வேலையை மட்டுப்படுத்துகிறது. சிறுமூளை மந்தமாவதால் நடை குலைகிறது. நினைவைப் பதியவைக்கும் பகுதி மந்தமாவதால் முந்தைய இரவு காலையில் மங்கலாகத் தெரிகிறது. இந்த வேதியியலுக்கு நாடும் மொழியும் கிடையாது. எந்த ஊரில் எவர் குடித்தாலும் நடை தள்ளாடவே செய்யும். ஆத்திரமும் துணிச்சலும் கட்டவிழ்ந்த பேச்சும்கூட இதே வேதியியலின் விளைவுகள்தாம் என்றால், குடித்தவர்கள் உலகெங்கும் ஒரே விதமாக நடந்துகொள்ள வேண்டும். அப்படி நடந்துகொள்வதில்லை என்பதிலிருந்துதான் இந்த ஆய்வுகளின் கதை தொடங்குகிறது.

1956இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த டுவைட் ஹீத், பொலிவியாவின் கிழக்குத் தாழ்நிலத்தில் வாழும் காம்பா மக்களிடையே தங்கி ஆய்வு செய்யச் சென்றார். அவருடைய ஆய்வுக்கும் மதுவுக்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. ஆனால் சனிக்கிழமை இரவானால் அந்த ஊரார் கூடிக் குடிப்பதையும், அந்தக் கூட்டம் திங்கள் காலை வரை நீள்வதையும் கண்ட அவர், அதைக் கவனமாகக் குறித்துவைத்துக்கொண்டார். கரும்பிலிருந்து வடித்த சாராயத்தை அவர்கள் தண்ணீர் கலக்காமல் குடித்தார்கள். அதைப் பின்னர் ஆய்வகத்தில் சோதித்தபோது அதில் மதுச்சாரம் 89 விழுக்காடு இருந்தது. இந்தியக் கடைகளில் விற்கும் விஸ்கியிலும் பிராந்தியிலும் அது 42.8 விழுக்காடுதான் என்பதை நினைத்தால், காம்பா மக்கள் குடித்ததன் கடுமை விளங்கும்.

அவர்கள் குடித்த முறையை ஹீத் நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். வட்டமாக நாற்காலிகள் போடப்பட்டிருக்கும்; ஒரு புட்டியும் ஒரே ஒரு குவளையும் இருக்கும். ஒருவர் எழுந்து குவளையை நிரப்பி, வட்டத்தில் தாம் விரும்பும் ஒருவருக்கு எதிரே போய் நின்று, அவர் நலம் வாழ வாழ்த்திப் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டுவார். வாங்கியவர் அதைக் குடித்து முடித்து, தாமே குவளையை நிரப்பிக்கொண்டு வேறொருவரிடம் செல்வார். தனியாகக் குடிக்கும் வழக்கமே அங்கு இல்லை. குடித்துக் குடித்து நினைவிழந்தவர் இருந்த இடத்திலேயே உறங்குவார். விழித்ததும் மீண்டும் வட்டத்தில் சேர்ந்துகொள்வார். இவ்வளவுக்குப் பிறகும் அங்கே சண்டை எழவில்லை, வாய்த்தகராறு இல்லை, பெண்களிடம் அத்துமீறல் இல்லை, அழுகையும் புலம்பலும்கூட இல்லை. பேச்சு குறைந்தது, கண் செருகியது, உறக்கம் வந்தது, அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் வெகு தொலைவில் சிதறி வாழ்ந்த அந்த மக்களுக்கு வாரம் ஒரு முறை கூடி உட்காருவதற்கான சடங்காகவே மது இருந்தது என்பது ஹீத் தந்த விளக்கம். மது மனிதனைக் கட்டவிழ்த்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பதும் அந்த விளக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது.

இத்தகைய பதிவுகளை உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டி, கிரெய்க் மெக்ஆண்ட்ரூ, ராபர்ட் எட்ஜர்டன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1969இல் ஒரு நூல் எழுதினர். குடித்தவரின் நடத்தையை மட்டும் பொருளாகக் கொண்ட அந்த நூல் இந்தத் துறையின் திசையையே மாற்றியது. மூளையில் அறிவுக்கு உரிய பகுதியை மது உறங்கச் செய்துவிடுவதால் அடியில் கிடக்கும் விலங்குணர்ச்சிகள் கிளம்பிவிடுகின்றன என்னும் பழைய கொள்கையை அவர்கள் நேருக்கு நேர் எதிர்த்தனர். அறிவு உறங்கிவிட்டது உண்மையானால் நடத்தைக்கு எல்லையே இருக்கக் கூடாது. ஆனால் அவர்கள் பார்த்த ஒவ்வொரு சமூகத்திலும் குடித்தவரின் அத்துமீறலுக்குக்கூட எல்லைக்கோடு ஒன்று இருந்தது. மெக்சிகோவின் மீஹே பழங்குடியினர் குடித்தால் சண்டை போடுவார்கள். அவர்கள் இடுப்பில் வெட்டுக்கத்தி தொங்கிக்கொண்டிருக்கும். ஆனாலும் குடிச்சண்டையில் அவர்கள் ஓங்குவது வெறுங்கையைத்தான், கத்தியைத் தொடுவதில்லை. நிதானம் முழுவதும் போய்விட்ட ஒருவனின் கை, கத்தியை மட்டும் எப்படி நினைவாகத் தவிர்க்கிறது என்ற கேள்விக்குப் பழைய கொள்கையிடம் விடை இல்லை.

மெக்ஆண்ட்ரூவும் எட்ஜர்டனும் தந்த விடை எளியது. பல சமூகங்களில் குடிப்பொழுது என்பது ஒழுக்க விதிகளிலிருந்து தரப்படும் ஒரு விடுப்பு. அந்த நேரத்தில் செய்ததும் பேசியதும் அவனுடைய கணக்கில் முழுவதுமாக எழுதப்படுவதில்லை என்னும் உடன்பாடு அங்கே நிலவுகிறது. விடுப்பு எவ்வளவு நேரம், அதற்குள் எதுவரை போகலாம் என்பதையும் சமூகமே வகுக்கிறது. குழந்தைப் பருவத்திலிருந்தே அதைப் பார்த்து வளர்ந்தவர், பிறகு குடிக்கும்போது தாம் கற்ற பாடத்தையே நடித்துக்காட்டுகிறார், அது நடிப்பு என்பதை அறியாமலே. தமிழர்களுக்கு இந்த விடுப்பு புதிதல்ல. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்னும் பழமொழி அதைத்தான் சொல்கிறது: இரவில் பேசிய பேச்சுக்குப் பகலில் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று.

மானிடவியலாளர்கள் காட்டியது சான்று என்றாலும், அது சோதனை ஆகாது. காம்பா மக்களும் அமெரிக்கர்களும் நூறு விதங்களில் வேறுபட்டவர்கள். நடத்தையின் வேறுபாட்டுக்கு மதுவைப் பற்றிய நம்பிக்கைதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஒரே ஊரில், ஒரே மாதிரியான மனிதர்களிடம், மதுவையும் மதுவைப் பற்றிய நினைப்பையும் தனித்தனியே பிரித்தெடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. மருந்தாய்வில் இதற்கு ஒரு பாதிக் கருவி முன்பே இருந்தது. மருந்து போலவே தோன்றி, மருந்துப்பொருள் எதுவும் இல்லாத மாத்திரையை 'மருந்துப்போலி' என்பர். அதை விழுங்கியவருக்கும் வலி குறைந்தால், அந்தக் குறைவு அவருடைய எதிர்பார்ப்பின் விளைவு என்று கொள்ளப்படும். ஆனால் மருந்துப்போலி கேள்வியின் ஒரு பக்கத்தைத்தான் சோதிக்கிறது. மறுபக்கத்தைச் சோதிக்க, மருந்தை உட்கொண்டும் அது மருந்து என்று அறியாத ஒரு குழுவும் தேவை.

1970களில் உளவியலாளர் ஆலன் மார்லாட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்த முழு வடிவத்தை மதுவுக்குக் கொண்டுவந்தனர். பங்கேற்பவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். முதல் குழுவுக்கு மது என்று சொல்லி மதுவே தரப்படும். இரண்டாம் குழுவுக்கு மது என்று சொல்லி வெறும் பானம் தரப்படும். மூன்றாம் குழுவுக்கு வெறும் பானம் என்று சொல்லி மது தரப்படும். நான்காம் குழுவுக்கு வெறும் பானம் என்று சொல்லி அதுவே தரப்படும். இதில் சிக்கல் சுவைதான். நாக்கு காட்டிக்கொடுத்துவிட்டால் சோதனையே பாழ். வாசனை குறைந்த வோட்காவை, கசப்புச் சுவையுள்ள டானிக் நீரில் ஒன்றுக்கு ஐந்து என்ற அளவில் கலந்தால், கலந்ததையும் கலக்காததையும் மக்களால் பிரித்தறிய முடிவதில்லை என்று அவர்கள் கண்டறிந்தனர். இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு கலவை விகிதத்தின் மேல் நிற்கிறது என்றால் மிகையில்லை.

இந்த முறையில் அவர்கள் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வில் 64 ஆண்கள் பங்கேற்றனர். பாதிப்பேர் மதுவுக்கு அடிமையானவர்கள், பாதிப்பேர் அவ்வப்போது மட்டும் குடிப்பவர்கள். பானங்களைச் சுவைத்து ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதுதான் வேலை என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துப் பார்க்கலாம். ஆய்வாளர்கள் உண்மையில் கவனித்தது மதிப்பெண்களை அல்ல, குவளைகளில் எவ்வளவு குறைந்தது என்பதை. அதன் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருந்தது. அடிமைப்பட்டவரின் உடலில் ஒரு மிடறு மது இறங்கிவிட்டால் போதும், அந்த வேதிப்பொருளே அவருடைய கட்டுப்பாட்டைப் பறித்து மேலும் மேலும் குடிக்கவைத்துவிடும் என்பது அன்றைய மருத்துவ உலகில் வேரூன்றிய கருத்து. அது சரியானால், வெறும் பானம் என்று சொல்லப்பட்டு மது தரப்பட்ட அடிமைகள் தம்மை அறியாமலே நிறையக் குடித்திருக்க வேண்டும்.

நடந்தது நேர்மாறு. குவளையில் என்ன இருந்தது என்பது குடித்த அளவைத் தீர்மானிக்கவில்லை; என்ன இருப்பதாக நினைத்தார்கள் என்பதே தீர்மானித்தது. மது என்று நம்பிய அடிமைகள், அவர்கள் குடித்தது வெறும் டானிக் நீராக இருந்தபோதும், வெறும் பானம் என்று நம்பியவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு குடித்தார்கள். வெறும் பானம் என்று நம்பியவர்கள், வோட்கா தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தபோதும், அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். அவ்வப்போது மட்டும் குடிப்பவர்களிடமும் போக்கு இதுவே. இந்த முடிவை மிகைப்படுத்திப் புரிந்துகொள்வது ஆபத்தானது என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்தவரின் உடல் மதுவுக்குப் பழகிப்போவதும், திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் வருவதும் நினைப்பல்ல. உயிரையே பறிக்கக்கூடிய உடல் நிகழ்வுகள், மருத்துவமனையின் கண்காணிப்பு தேவைப்படுபவை. மார்லாட்டின் சோதனை அவற்றை மறுக்கவில்லை. 'ஒரு மிடறு குடித்துவிட்டேன், இனி நான் அவ்வளவுதான்' என்னும் எண்ணமே அடுத்த மிடறுக்குக் காரணமாகிறது என்பதைத்தான் அது காட்டியது. வழுக்கியவர் மீண்டும் எழ உதவும் சிகிச்சை முறைகள் பின்னாளில் அந்தக் கண்டுபிடிப்பின் மேல் எழுந்தன.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1975இல், அதே நான்கு குழு முறை ஆத்திரத்தைச் சோதிக்கப் பயன்பட்டது. 96 ஆண்கள் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினரை ஆய்வாளரின் ஆள் ஒருவர் திட்டமிட்டுச் சீண்டினார். பிறகு அந்த ஆளுக்கு மின்னதிர்ச்சி தருவதாகக் கருதி ஒரு பொறியை இயக்கும் வாய்ப்பு பங்கேற்பாளருக்குத் தரப்பட்டது. எவ்வளவு கடுமையான அதிர்ச்சியை எவ்வளவு நேரம் தருகிறார் என்பதே அவருடைய ஆத்திரத்தின் அளவுகோல். மது குடித்ததாக நம்பியவர்கள் கடுமையாக நடந்துகொண்டார்கள், அவர்கள் குடித்தது டானிக் நீரானாலும். குடிக்கவில்லை என்று நம்பியவர்கள் மிதமாக நடந்துகொண்டார்கள், அவர்கள் இரத்தத்தில் வோட்கா ஓடினாலும். ஆண்களின் பாலுணர்வு பற்றி 1976இல் வெளியான ஆய்விலும் நம்பிக்கையின் கையே ஓங்கியிருந்தது. பெண்களிடம் அடுத்து நடந்த ஆய்வில் அவ்வாறு இல்லை, அங்கே மது தன் வேதியியலின்படி உணர்வை மங்கச் செய்தது. மதுவைப் பற்றி ஆணுக்கு ஊட்டப்படும் கதையும் பெண்ணுக்கு ஊட்டப்படும் கதையும் வேறுவேறு என்பதை நினைத்தால் அந்த வேறுபாடு வியப்புக்குரியதல்ல.

மார்லாட் பின்னர் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், உளவியல் துறைக்கு உள்ளேயே ஒரு மதுக்கூடத்தை அமைத்தார். மங்கலான விளக்கு, இசை, அடுக்கிவைத்த புட்டிகள், உயரமான இருக்கைகள் என எல்லாம் உண்மையான மதுக்கூடம் போலவே இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் ஆய்வாளர்கள் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். ஆய்வகத்தின் வெள்ளை அறையில் மனிதர்கள் மதுவை வேறு விதமாகக் குடிக்கிறார்கள் என்பதே அந்த ஏற்பாட்டின் காரணம். சூழலும் நம்பிக்கையைக் கிளறும் ஒரு கருவிதான்.

1986இல் ஜே ஹல், சார்ல்ஸ் பாண்ட் ஆகியோர், அதுவரை வெளிவந்திருந்த 34 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டனர். பல சிறிய ஆய்வுகளை ஒரே பெரிய ஆய்வாகக் கருதி அளவிடும் இந்த முறைக்குத் தொகுப்பாய்வு என்று பெயர். அதில் தெளிவான ஒரு பிரிவு தெரிந்தது: நினைவாற்றல், கை கால்களின் ஒருங்கிணைவு போன்றவற்றை மதுவே பாதித்தது, நம்பிக்கைக்கு அங்கே பெரிய பங்கில்லை, சமூக நடத்தைகளில், சிறப்பாக வழக்கமாகத் தடுக்கப்பட்டவற்றில், நம்பிக்கையின் பங்கு வெளிப்பட்டது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் பிரித்துச் சொல்லப்பட்ட இரு வகைகளின் ஊடாகவே அந்தக் கோடு ஏறக்குறைய ஓடுகிறது.

பிந்தைய ஆய்வுகள் இதற்குப் புதிய முகங்களைக் காட்டின. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் 148 மாணவர்களுக்கு வெறும் டானிக் நீரைத் தந்து, பாதிப்பேரிடம் மட்டும் அது வோட்கா கலந்தது என்று சொன்னார்கள். பிறகு ஒரு குற்றம் நடப்பதைப் படங்களில் காட்டி, அதைப் பற்றிய தவறான விவரங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். குடித்ததாக நம்பியவர்களே அந்தத் தவறான விவரங்களுக்கு அதிகம் ஏமாந்தார்கள். தாம் சொல்வது சரி என்று அதிக உறுதியோடும் இருந்தார்கள். அதாவது, ஒரு துளி மது இல்லாமலே சாட்சியின் நினைவு கலங்கியது. பிரான்சின் லோரான் பேக் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. அதில் 94 ஆண்கள் சிறு உரை ஒன்றை நிகழ்த்திவிட்டு, அதைக் காணொளியில் பார்த்துத் தம்மைத் தாமே மதிப்பிட்டார்கள். மது குடித்ததாக நம்பியவர்கள் தம்மை அழகானவராக, அறிவாளியாக, நகைச்சுவை மிக்கவராகக் கருதிக்கொண்டார்கள். உண்மையில் குடித்தார்களா என்பது அதைப் பாதிக்கவில்லை. வெளியாட்களாக இருந்து பார்த்த நடுவர்களுக்கோ அவர்களிடம் கூடுதலாக எதுவும் தென்படவில்லை. பாரிசில் 154 இளைஞர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் எல்லோருக்கும் ஒரே கலவைதான் தரப்பட்டது. அதன் பெயரில் வோட்காவோடு ரெட் புல் என்னும் ஊக்கபானமும் சேர்த்துச் சொல்லப்பட்டவர்களுக்குப் போதை அதிகம் ஏறியதாகத் தோன்றியது. பானத்தில் அல்ல, பெயரில் இருந்தது அந்தக் கூடுதல் போதை.

எல்லாம் மனப்பிரமைதான் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது இன்னொரு தவறாகிவிடும். ஆத்திரம் பற்றிய 30 ஆய்வுகளை பிராட் புஷ்மனும் ஹாரிஸ் கூப்பரும் 1990இல் தொகுத்து ஆராய்ந்தபோது, மதுவும் நம்பிக்கையும் சேரும்போது ஆத்திரம் கூடுவதும், நம்பிக்கை மட்டும் தனியாக நின்றால் அதன் வலிமை முதல் ஆய்வுகள் காட்டிய அளவுக்கு இல்லை என்பதும் தெரிந்தது. நான்கு குழு முறைக்கும் குறைகள் உண்டு. சிறிய, நடுத்தர அளவுகளில்தான் மனிதர்களை ஏமாற்ற முடியும். நான்கைந்து குவளை இறங்கிய ஒருவரிடம் 'நீங்கள் குடித்தது வெறும் தண்ணீர்' என்று சொன்னால் அவர் உடலே அதை நம்பாது. மேலும், குடித்துவிட்டோம் என்று நினைத்த சிலர் தடுமாறிவிடக் கூடாது என்று முன்னெச்சரிக்கையாகி, வழக்கத்தைவிட நிதானமாக நடந்துகொள்வதும் உண்டு. அப்போது நம்பிக்கையின் விளைவு எதிர்த்திசையில் தெரியும்.

இரு தரப்பையும் இணைக்க உதவும் கருத்து ஒன்றை 1990இல் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்ஸும் முன்வைத்தனர். கிட்டப்பார்வை உள்ளவருக்கு அருகில் இருப்பது தெளிவாகவும் தொலைவில் இருப்பது மங்கலாகவும் தெரிவதைப்போல, மது கவனத்தைச் சுருக்கி, கண்முன் இருப்பதைப் பெரிதாக்கி, பின்விளைவுகளை மங்கச் செய்கிறது என்பது அவர்கள் கருத்து. சுருங்கிய கவனம் எதன்மேல் விழுகிறது என்பதை வேதியியல் சொல்வதில்லை. துக்கத்தோடு குடிப்பவருக்கு அது துக்கத்தின்மேல் விழுகிறது; விழாக்கூட்டத்தில் குடிப்பவருக்குக் கொண்டாட்டத்தின்மேல் விழுகிறது; அவமானத்தோடு வீடு திரும்புகிறவருக்குக் கதவைத் திறக்கத் தாமதித்த மனைவியின்மேல் விழுகிறது. குடித்தால் கை நீளும், நீண்டாலும் மன்னிக்கப்படும் என்று முன்பே கற்றுவைத்திருப்பவருக்கு அந்தக் கணத்தில் தடுப்பது எதுவும் கண்ணில் படுவதில்லை. வேதியியல் கதவைத் திறக்கிறது. உள்ளே வருவது எது என்பதைக் கற்ற பாடம் முடிவு செய்கிறது என்று கொள்வதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

அந்தப் பாடம் எப்போது கற்பிக்கப்படுகிறது என்பதில்தான் பெற்றோரும் ஆசிரியரும் அக்கறை கொள்ள வேண்டிய செய்தி இருக்கிறது. 1980இல் மார்க் கோல்ட்மனும் சக ஆய்வாளர்களும் 125 பேரிடம் நேர்காணல் நடத்தி, மது என்ன செய்யும் என்று மக்கள் நம்புகிறார்கள் என்பதைத் திரட்டி, அதிலிருந்து ஒரு வினாநிரலை உருவாக்கினர். கூச்சம் போகும், உலகமே இனிமையாகும், இறுக்கம் தளரும், அதிகாரத்தோடு பேச வரும் என்பன போன்ற எதிர்பார்ப்புகள் அதில் கொத்துக்கொத்தாக வெளிப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் அதே வினாக்களை வளரிளம் பருவத்தினரிடம் கேட்டபோது, ஒரு மிடறுகூடக் குடித்தறியாதவர்களிடமும் அந்த எதிர்பார்ப்புகள் ஏற்கெனவே உருப்பெற்றிருந்தன. வேறோர் ஆய்வில், பள்ளிக்கே செல்லத் தொடங்காத சிறு குழந்தைகள் சிலர் வாசனையை வைத்தே மதுவை இனங்கண்டனர். தந்தை புட்டியைத் திறக்கும் நேரமும், அப்போது வீட்டில் மாறும் குரல்களும், திரையில் குடித்தவுடன் வீரனாகும் நாயகனும் குழந்தைக்குப் பாடங்களே.

பிறகு அது சுழலாகிறது. வளரிளம் பருவத்தினரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995இல் வெளியான ஆய்வில், மது நட்பை எளிதாக்கும் என்று தொடக்கத்தில் அதிகம் நம்பியவர்கள் பின்னர் அதிகம் குடித்தார்கள்; அதிகம் குடித்தவர்களிடம் அந்த நம்பிக்கை மேலும் வலுத்தது. நண்பர்கள் கூட்டத்தில் பிறந்த சிரிப்பின் பெருமை முழுவதும் புட்டியின் கணக்கில் எழுதப்படுவதால் இப்படி ஆகிறது. அதே நண்பர்கள் இஞ்சி டீ குடித்தபடி கூடியிருந்தாலும் சிரித்திருப்பார்கள் என்பதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்தக் கூட்டத்துக்குக் கிடைப்பதேயில்லை.

அந்த வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஜாக் டார்க்ஸும் கோல்ட்மனும் தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சோதித்து 1993இல் வெளியிட்டனர். அதிகம் குடிக்கும் மாணவர்கள் மதுக்கூடம் போன்ற அறையில் கூடினார்கள். சிலருக்கு மதுவும் சிலருக்கு மதுபோன்ற வெறும் பானமும் தரப்பட்டன. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. சிரித்துப் பேசி விளையாடி முடித்த பிறகு, தாம் உட்பட அறையில் மது குடித்தவர் யார் யார் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். நிறையத் தவறுகள் நேர்ந்தன. கலகலப்பாகப் பேசி அறையையே சிரிக்கவைத்தவர் குடித்தது வெறும் பானம் என்று தெரியவந்தபோது, மதுதான் கூச்சத்தைப் போக்குகிறது என்னும் நம்பிக்கை அவர்கள் கண்முன்னேயே விரிசல் கண்டது. அடுத்த வாரங்களில் அவர்கள் குடித்த அளவு குறைந்தது. மதுவின் கேடுகளைப் பற்றிய வழக்கமான வகுப்பு மட்டும் நடத்தப்பட்டவர்களிடம் அந்த அளவு குறைவு காணப்படவில்லை. பின்வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்தப் பயனும் சிறியது, சில வாரங்களில் தேய்ந்துவிடுவது என்று தெரிந்தது. ஆயினும் புட்டியின் மேல் அச்சிடப்படும் எச்சரிக்கைக்குக் கிட்டாத ஓர் இடத்தை அது தொடுகிறது. ஈரல் கெடும் என்பது பல ஆண்டுகளுக்குப் பின் வரும் அச்சம். கூச்சம் போகும் என்பது இன்றிரவே கைகூடுவதாகத் தோன்றும் ஆசை. ஆசையைத் தொடாத அறிவுரை அந்த இரவில் நினைவுக்கு வருவதில்லை.

இந்த ஆய்வுகள் கேட்கும் மிகக் கனமான கேள்வி குடிப்பவரைப் பற்றியது அல்ல. குடிப்பவரை மன்னிப்பவர்களைப் பற்றியது. 1980இல் வெளியான ஓர் ஆய்வில் கணவன் மனைவியை அடித்த நிகழ்வு ஒன்று மாணவர்களிடம் படிக்கக் கொடுக்கப்பட்டது. கணவன் குடித்திருந்ததாக எழுதப்பட்டிருந்தபோது அவன்மேல் சுமத்தப்பட்ட பழி குறைந்தது; அடிவாங்கிய மனைவி குடித்திருந்ததாக எழுதப்பட்டிருந்தபோது அவள்மேல் சுமத்தப்பட்ட பழி கூடியது. அதே மது ஆணுக்குக் கேடயமாகவும் பெண்ணுக்குக் குற்றச்சாட்டாகவும் ஆகியது. இதை மதுவின் வேதியியலால் விளக்க முடியாது. தெருமுனையில் காவலரைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒழுங்காக நடந்துபோகிற மனிதர், வீட்டு வாசலைத் தாண்டியதும் நிதானம் இழப்பதையும் வேதியியலால் விளக்க முடியாது. நூறு அடி தூரத்தில் இரத்தத்திலுள்ள மதுச்சாரம் கூடிவிடுவதில்லை, மாறியது அவரைத் தட்டிக்கேட்க யார் இருக்கிறார்கள் என்பதுதான். மீஹே மனிதனின் கை கத்தியைத் தவிர்த்ததைப்போல, இவருடைய கையும் எங்கே ஓங்கலாம் என்பதை அறிந்தே ஓங்குகிறது.

'பாவம், அவர் நல்லவர்தான், குடித்தால்தான் இப்படி' என்று சொல்லி அடிபட்ட பெண்ணைச் சமாதானப்படுத்தும் உறவினர்கள், அறியாமலே அந்த விடுப்புச் சீட்டில் கையெழுத்திடுகிறார்கள். அதைச் சொல்வதை அவர்கள் நிறுத்த வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்கும் சிறுவன் அதையும் பாடமாகவே எடுத்துக்கொள்கிறான். இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் வீடுகளைவிடத் தெளிவாக இருக்கிறது. தன் விருப்பத்தோடு குடித்தவர் போதையில் ஒரு செயலைச் செய்தால், குடிக்காதபோது அவருக்கு எந்த அறிவு இருந்திருக்குமோ அதே அறிவோடுதான் செய்தார் என்று கருதியே அவர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 86ஆம் பிரிவில் எழுதியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 24ஆம் பிரிவாகத் தொடர்கிறது.